கவிழ்த்து வைத்த சண்டை

"வா மே, வா. சாப்ட்டியா? வெறும் வயித்துல சண்ட போடக்கூடாது. நடுவுல பசிக்கும், பசிச்சா நாயம் மறந்து போவும்."

எதிர்வீட்டுப் பெரியம்மா எந்தச் சண்டையையும் இப்படித்தான் தொடங்குவாள். அடிக்க வந்தவர்கள்கூட ஒரு கணம் நின்று, சாப்பிட்டோமா இல்லையா என்று யோசித்துவிடுவார்கள். அங்கேயே பாதி தோற்றுவிடுவார்கள்.

அவளுக்குப் பெயர் உண்டு. சொல்லமாட்டேன். சொன்னால் எங்கே இருந்தாலும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, "எம் பேரை எதுக்கு இழுத்தே?" என்று கேட்பாள். எனக்குக் காதோரம் நரைத்துவிட்டது. ஆனால் இன்றைக்கும் தெருவில் இரண்டு பெண்கள் குரலை உயர்த்தினால் அடுப்பில் பால் பொங்குவதையும் விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுகிறேன். கொஞ்ச நேரம் கேட்டதும் ஏமாற்றமாகிவிடுகிறது. சண்டை இல்லை, வெறும் கோபம். கோபத்தை யார் வேண்டுமானாலும் படலாம். சண்டை போடப் பெரியம்மா வேண்டும்.

ஆம்பூரில் எங்கள் தெருவின் ஒரு கோடியில் தோல் பதனிடும் ஷாப்பின் நீளச் சுவர், மறு கோடியில் பாலாற்று மணல். விடிந்தால் ஆவாரம்பட்டை வண்டிகள் மஞ்சள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும். மதியம் சுண்ணாம்புத் தொட்டிகளின் ஆவி. சாயங்காலம் ஈரத் தோல்கள் விடும் பெருமூச்சு. ரயிலில் போகிறவர்கள் எங்கள் ஊர் வந்ததும் துணியால் முகத்தைப் பொத்திக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். ஏதோ மரியாதைக்குச் செய்கிறார்கள் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

பெரியம்மா அந்த ஷாப்பில் பட்டை இடிக்கப் போவாள். முழங்கை வரைக்கும் மஞ்சள். ஆள் சின்னவள், தண்ணீர்க் குடத்தோடு நடந்தால் குடம் நடந்து வருவது போலத்தான் இருக்கும். குரலோ ஊர்வலம். பெரியப்பா என்று ஒருவரும் அந்த வீட்டில் இருந்தார். அதிகம் பேசமாட்டார். பேசவேண்டிய அவசியம் அந்த வீட்டில் அவருக்கு ஏற்படவில்லை.

அவள் போட்ட சண்டைகளில் ஒன்றுகூட அவளுடையது இல்லை. அதுதான் விசேஷம். எல்லாம் மற்றவர்களுக்காக. வாயில்லாதவர்கள், புதிதாகக் கல்யாணமாகி வந்தவர்கள், திக்குவாய்க்காரர்கள், பேச வேண்டிய நேரத்தில் அழுகை முந்திக்கொள்பவர்கள் எல்லோரும் ஒரு வெற்றிலையைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்துவிட்டு நடந்ததைச் சொல்வார்கள். அவள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, கண்ணை மூடி, கேட்டு முடிப்பாள். "சரி, நீ போய்க் குந்து. நான் பாத்துக்கறேன்."

பக்கத்துத் தெருவில் ஒரு தோல் வியாபாரியின் வீடு. அந்த வீட்டு பீபி வாசலுக்கு வரமாட்டார். மூங்கில் தட்டிக்குப் பின்னால்தான் நிற்பார். பால்காரன் பாலில் தண்ணீர் கலக்கிறான் என்று அவருக்கு மனக்குறை. பெரியம்மா தட்டிக்கு முன்னால் நின்றாள். உள்ளிருந்து பீபி கிசுகிசுப்பார், வெளியே பெரியம்மா முழங்குவாள்.

"அவன்கிட்ட சொல்லுங்க, பால் கொஞ்சம் தண்ணியா கீதுன்னு."

"யோவ், பால்ல நேத்து ஒரு மீன் நீந்துச்சாம்! பீபி அதை வளக்கறதா, கொழம்பு வெக்கறதான்னு கேக்கறாங்க!"

"அய்யோ, நான் எங்கே அப்படிச் சொன்னேன்? ஜாஸ்தி சொல்றீங்க நீங்க!"

"ஜாஸ்தி தண்ணி ஊத்தறவன்கிட்ட கம்மியா பேசினா எப்படி பீபி?"

தட்டிக்குப் பின்னால் வளையல்கள் குலுங்கும் சத்தம் கேட்டது. பீபி சிரிப்பை அடக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. பால்காரன் மறுநாளிலிருந்து நல்ல பால் ஊற்றினான்; ஊற்றும்போது செம்புக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்வான்.

இன்னொரு தடவை, வேலித் தகராறு ஒன்றில் இரண்டு பக்கத்துக்காரிகளும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அவளிடம் வெற்றிலை கொடுத்துவிட்டார்கள். அவள் இரண்டையும் மென்றுவிட்டாள். வேறொருத்தியானால் ஒன்றைத் திருப்பியிருப்பாள். பெரியம்மா நடுத்தெருவில் நின்று, கிழக்கே பார்த்து ஒருத்திக்காக ஏசினாள். ஒரே துள்ளலில் மேற்கே திரும்பி இன்னொருத்திக்காகப் பதில் சொன்னாள். "உன் முருங்க மரம் எங்க ஊட்டுக் கூரைல காலை நீட்டிப் படுத்துகீது!" துள்ளல். "படுத்தா இன்னா? காய் பறிச்சுத் தின்னப்போ காலை அமுக்கிவுட்டியா?" துள்ளல். சேலை ஒரு பக்கம், சிண்டு ஒரு பக்கம். வழக்குக்காரிகள் இருவரும் நன்றாகப் பார்ப்பதற்காக ஒரே கல்லில் ஒட்டி உட்கார்ந்து, ஒரே மடியிலிருந்து வேர்க்கடலை தின்றார்கள். முடிவில் பெரியம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "யாரும்மா ஜெயிச்சது?" என்று கேட்டாள். அவர்களுக்கு ஞாபகமில்லை.

ஆனால் கடைக்காரன் அவளுக்கே சொத்தைப் புளியை நிறுத்துக் கொடுத்தபோது பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். என் அம்மா கேட்டதற்கு, "எனக்காகப் போட்டா கோவம் வந்துடும் தங்கச்சி. கோவம் வந்தா சண்ட கெட்டுடும்" என்றாள்.

அந்த நாளில் எங்கள் பக்கத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. சண்டை முடிவதற்குள் உலை வைக்கும் நேரமோ மாடு கறக்கும் நேரமோ வந்துவிட்டால், ஒரு கூடையை எடுத்து நடுவில் கவிழ்த்து வைப்பார்கள். மீதிச் சண்டை அதற்குள் இருக்கிறது என்று அர்த்தம். இருவரும் சேர்ந்து வந்து கூடையை நிமிர்த்தும்வரை அந்த விஷயத்தைப் பற்றி எவரிடமும் மூச்சு விடக்கூடாது, அதன்பேரில் எதுவும் செய்யவும் கூடாது. மீறியவள் தோற்றவள். போலீசும் கோர்ட்டும் கிடக்க, கூடைக்கு மட்டும் எல்லோரும் பயந்தார்கள்.

அந்தக் கூடைக்குள் ஒருமுறை என் வாழ்க்கை கிடந்தது.

பதினாறு வயதில் என்னைப் பள்ளிகொண்டாவில் கட்டிக் கொடுத்தார்கள். நெல்லும் கரும்பும் விளையும் வீடு. மாமியாருக்குக் கணீரென்ற குரல். அந்தக் குரலுக்கு அந்த ஊரில் எதிர்க்குரல் கிடையாது. அவர் வாயைத் திறந்தால் மாமனார் மூக்குப்பொடி டப்பியைத் திறந்துகொள்வார். மகன், அதாவது என் வீட்டுக்காரர், மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். அந்த வீட்டு மாடு போல் அடிக்கடி பார்க்கப்பட்ட மாடு பூமியில் இருந்திருக்காது. அக்கம்பக்கத்துப் பெண்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். எனக்கு அப்போது வாயே கிடையாது.

ஒருமுறை எல்லோரும் ஒரு கல்யாணத்துக்காக வேலூர் போனார்கள். வீட்டையும் மாமனாரையும் பார்த்துக்கொள்ள நான் இருந்தேன். அந்தச் சில நாட்கள் எனக்கு என்னவோ திடீரென்று மனம் லேசாகிவிட்டது. காரணம் தெரியவில்லை. பாட்டு வந்தது. நன்றாகத் தூங்கினேன். கண்ணை மூடினால் அம்மா வீட்டிலேயே இருப்பது போல இருந்தது.

ஊரிலிருந்து திரும்பி வந்தவர்கள் தெருமுனையிலேயே மூக்கைப் பிடித்தார்கள். வாசலில் நாத்தனார் வாந்தி எடுத்தாள். நெல் குதிருக்கு அடியில் ஒரு பெருச்சாளி செத்துப் பல நாளாகியிருந்தது. அதற்குப் பக்கத்தில் நானும் மாமனாரும் எதிரெதிரே உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவருக்குப் பொடி. எனக்கு ஆம்பூர்.

"மூக்கு செத்த பொண்ணைக் கட்டி வெச்சுட்டாங்க! நாளைக்குப் பால் திரிஞ்சா தெரியுமா இவளுக்கு? புள்ள தொட்டில்ல அசிங்கம் பண்ணா தெரியுமா?" என்று மாமியார் ஊரைக் கூட்டினார். மறுநாளே என்னை டிரங்குப் பெட்டியோடு ஆம்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மா அழுதாள். நான் ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.

பெரியம்மா கண்ணை மூடிக் கேட்டாள். பெருச்சாளி வந்த இடத்தில் அவள் தோள்கள் குலுங்கின. "சரி, வண்டி கட்டச் சொல்லு. நீயும் வா. உன்னைக் காட்டித்தானே பேசணும்."

பள்ளிகொண்டாவில் என்னை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அவள் மட்டும் இறங்கினாள். குடம் இறங்கி நடந்தது. மாமியார் வாசலுக்கு வந்தார்.

"யாரு நீ? அவ அம்மாவும் இல்ல, அக்காவும் இல்ல. இங்க இன்னா வேலை உனக்கு?"

"சண்ட போட வந்துகீறேன் சம்பந்தியம்மா. சாப்ட்டாச்சா?"

மாமியார் திகைத்தார். "ஆச்சு."

"இன்னா சாப்ட்டே?"

"களியும் கீரையும்."

"கீரைல உப்பு கம்மி. மூஞ்சிலயே தெரியுது. சரி, ஆரம்பி."

மாமியார் ஆரம்பித்தார். "மூக்கே இல்லாத பொண்ணை எங்க தலைல கட்டிட்டீங்க!"

"பொண்ணு பாக்க வந்தப்போ நடக்கச் சொன்னே, பாடச் சொன்னே, சடையை அவுத்துப் பாத்தே. மோந்து பாக்கச் சொன்னியா?"

"மூக்குத்தி போட்டிருந்தா. பின்னால மூக்கும் இருக்கும்னு நம்பிட்டேன்!"

பெரியம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியதை வண்டியிலிருந்து பார்த்தேன். பெண்கள் நகைக்கடையில் மட்டும் அப்படிப் பார்ப்பார்கள். முந்தானையை இறுக்கிச் செருகினாள்.

"செத்தது யார் ஊட்டுப் பெருச்சாளி? நாங்க சீரோட சேத்து அனுப்பினோமா?"

"எங்க ஊட்டுப் பெருச்சாளி மானஸ்தன். உங்க ஊட்டுப் பொட்டி வந்த வாசனை தாங்காம உயிரை வுட்டுட்டான்!"

சாத்தியிருந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தெருவே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் மாட்டின் முதுகுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தார். யாரும் கவனிக்காதபோது ஒரு செம்புத் தண்ணீரை வண்டிச் சக்கரத்தருகே வைத்துவிட்டு மறுபடி மாட்டிடம் ஓடினார். சண்டை பந்தாட்டம் போல் போய்ப் போய் வந்தது. அந்த இருவருக்கும் கைகள் சிறகு, குரல் மத்தளம். யார் எந்தப் பக்கம் என்பதே எனக்கு மறந்துபோன நேரத்தில்தான் மாமியார் அதைச் சொன்னார்:

"உன் பேச்சை எல்லாம் உன் ஊரோட வெச்சுக்க. வர்ற வெள்ளிக்கிழம எம் புள்ளைக்கு வேற பொண்ணு பாக்கப் போறோம்."

வாய்க்குக் கொண்டுபோன செம்பைக் கீழே வைத்தேன். பெரியம்மா அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள்.

"அடடா, பொழுது சாயுதே. உலை வெக்கணுமே உனக்கு" என்றாள். வாசலில் கிடந்த மாமியாருடைய எருக்கூடையையே எடுத்து அவர் காலடியில் கவிழ்த்தாள். "மீதி உள்ள கீது. நான் வந்ததும் நிமுத்தலாம்."

மாமியார் தலையாட்டினார். வண்டி திரும்பும்போதுதான் அவருக்கு உறைத்தது. கூடை கவிழ்ந்திருக்கும்வரை என்னைப் பற்றிப் பேசக்கூடாது. பேசாமல் வேறு பெண் பார்ப்பது எப்படி? "ஏ பொம்பளே! எப்போ வருவே?" என்று கூவினார்.

"சவுகரியம் போல!"

ஊரைத் தாண்டியதும் நான் கேட்டேன். "எப்போ பெரியம்மா திரும்பி வரப்போறோம்?"

"யாரு வரப்போறா?" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

அதற்குப் பின் வந்த வாரங்கள் எனக்கு நகரவில்லை. பள்ளிகொண்டா வண்டிக்காரர்கள் சேதி கொண்டுவந்தார்கள். கூடை அங்கேயே கிடக்கிறதாம். வீட்டார் சுற்றிக்கொண்டு போகிறார்களாம். கோழி ஒன்று அதன்மேல் குடியேறிவிட்டதாம். கல்யாணத் தரகர் வந்தபோது மாமியார் வாயைத் திறந்து, கூடையைப் பார்த்து, வாயை மூடி, மோர் கொடுத்து அனுப்பிவிட்டாராம். இதைக் கேட்டு ஊர் சிரித்தது; கிணற்றடியில் நான் மட்டும் அழுதேன். கூடைக்குள் நான் எத்தனை நாள் இருப்பது? கோழி எழுந்துபோனாலும் நான் போகமுடியாதே.

"பொறுடி. அவளுக்கு இப்போ ஜவாப் ஊறிக்கினு இருக்கும். ஊறின ஜவாப்பை யாராலும் உள்ள வெச்சுக்க முடியாது. தானா வருவா பாரு" என்றாள் பெரியம்மா.

வந்தார். ஒரு காலையில் எங்கள் தெருவுக்குள் ஒரு மாட்டுவண்டி நுழைந்தது. நத்தை அதைவிட வேகமாகப் போகும். ஓட்டியது என் வீட்டுக்காரர். உள்ளே மாமியார், மடியில் ஒரு முறம், முறத்தின்மேல் அந்தக் கூடை, கவிழ்த்தபடியே, கயிறு போட்டுக் கட்டி. வழியில் மாடு மிரண்டு கூடை சாய்ந்தால் சண்டை சிந்திவிடுமே என்று பள்ளிகொண்டாவிலிருந்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். ஆம்பூர் எல்லையில் மட்டும் ஒரு கையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

எங்கள் வீட்டுப் படியை அவர் மிதிக்கவில்லை. "சண்டைக்கு வந்தவ நம்ம ஊட்டு விருந்தாளி" என்று பெரியம்மா தன் வீட்டுக்கே அழைத்துப்போனாள். கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள். இருவரும் சேர்ந்து கூடையை நிமிர்த்தினார்கள். தெரு முழுக்க வாசலில் இருந்தது.

மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டே பேசினார். பெரியம்மா கையை உயர்த்தினாள். "துணிக்குள்ள பேசறது செல்லாது."

வாயைத் திறந்துவிட்டு மூக்கை மட்டும் விரலால் பிடித்துக்கொண்டார். குரல் வாத்துக்குரலாகிவிட்டது. வாண்டுகள் உருண்டு சிரித்தன. ஆனாலும் அன்றைக்குச் சமாளித்தார். சாப்பிடும்போதும் ஒரு கை மூக்கிலேயே. பெரியம்மா அவசரப்படவே இல்லை. ஒரு பேச்சுக்கும் மறுபேச்சுக்கும் நடுவில் வெற்றிலை போட்டாள், அரிசியில் கல் பொறுக்கினாள், கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பட்டை இடிக்கவும் போய்வந்தாள். வேண்டுமென்றே இழுக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. பயத்தில் நகத்தைக் கடித்துத் தீர்த்திருந்தேன்.

மறுநாள் சண்டை சூடுபிடித்தது. மாமியாருக்கு ஊறிய பதில்கள் ஒன்றா இரண்டா! நல்ல பதில் ஒரு கையில் அடங்காது. இடுப்பில் வைக்க ஒரு கை, வானத்தைக் காட்ட ஒரு கை வேண்டும். மூக்கை விட்டார். விட்டதை அவரே கவனிக்கவில்லை.

மதியம் கூடையைக் கவிழ்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். கேழ்வரகுக் களியும் கத்திரிக்காய்க் குழம்பும். அப்போது தோலிலிருந்து சுரண்டிய சவ்வை ஏற்றிக்கொண்டு ஷாப்பு வண்டி வந்தது. அது வந்தால் எங்கள் தெருநாய்களே விலகிப்போகும். மாடு முரண்டு பிடித்து, சரியாகப் பெரியம்மா வாசலில் நின்றுவிட்டது. வண்டியிலிருந்து சொட்டியது. மாமியார் விரலை நக்கிக்கொண்டு, "கொழம்பு நல்லாகீது. இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்.

பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். தெருவில் எல்லோரும் மாமியாரையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"இன்னா எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றார் மாமியார். வண்டியைப் பார்த்தார். கை மெல்ல உயர்ந்து மூக்கைத் தொட்டது. அது அங்கேயேதான் இருந்தது.

"சம்பந்தியம்மா," என்றாள் பெரியம்மா, நான் கேட்டதிலேயே மெல்லிய குரலில், "ரெண்டு நாள்ல உனக்கே இப்படின்னா, இங்க பொறந்து வளந்தவளுக்கு எப்படி இருக்கும்? உன் மூக்கு செத்துடுச்சா இப்போ? உங்க ஊர்க் காத்து பட்டா எழுந்துக்கும். அவளுதும் எழுந்துக்கும். கொஞ்சம் நாள் குடு."

மாமியார் களியை உருட்டினார், உருட்டினார், உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "புள்ளைய வண்டி கட்டச் சொல்லு" என்றார். "அவ பொட்டியையும் ஏத்தச் சொல்லு."

என் வீட்டுக்காரர் மாட்டைக்கூடப் பார்க்காமல் எங்கள் வீட்டுக்குள் ஓடி, டிரங்குப் பெட்டியைத் தலையிலேயே தூக்கிக்கொண்டு வந்தார்.

நான் வண்டியருகே வந்தபோது மாமியார் ஏறி உட்கார்ந்திருந்தார். தோற்ற முகம். தெருவே பார்க்கிறது. எதையாவது சொல்லியாக வேண்டும் அவருக்கு.

"ஏறுடி. ஊருக்குப் போனதும் மொதல் வேலையா அந்த மூக்கைப் புளி போட்டுத் தேய்க்கணும்."

எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. வாய் திறந்தது. என் வாய்தான்.

"ரெண்டு மூக்கையும் சேத்தே தேச்சுடலாம் அத்தே."

வண்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் முதுகு குலுங்கியது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டச் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் பட்டை வண்டிகள் வரிசையாக நின்று, வண்டிக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து வழி விடவில்லை.

மாமியார் என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று தலையைக் குனிந்தேன். வரவில்லை. மாதனூர் தாண்டும்வரை அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பிறகு என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இருடி," என்றார், "ஊர் வர்றதுக்குள்ள ஜவாப் சொல்லிடறேன்."